அரங்கம் நிரம்ப வேண்டும்: கோலாலம்பூரில் கலை நிகழ்ச்சி விளம்பர வேலைக்கு வருகிறவர்களுக்கு

டிப்ளோமா முடித்த பிள்ளைகள் என்னைத் தேடி வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அக்கா, இவென்ட் லைன்ல வேலை செய்யணும், எங்கே ஆரம்பிக்கிறது?" பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். கச்சேரி, உள்ளூர்த் தமிழ்ப் படம், மேடை நாடகம், அரங்கேற்றம் என்று பதின்மூன்று வருடமாக ஆள் சேர்க்கும் வேலை என் வேலை. தெரிந்ததை எல்லாம் இங்கே வைக்கிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிகழ்ச்சி நடக்கப்போகிறது. அது யாருக்குப் பிடிக்குமோ அவர்கள் காதில் செய்தி விழ வேண்டும், அவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும், அந்த நாளில் மழை பெய்தாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். இதற்கு இடையில் உள்ள அத்தனையும் நம் பொறுப்பு. போஸ்டரும் டிக்டாக்கும் அதில் சின்னப் பகுதிதான். நடிகரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையில் வருகிறவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள். காலியாக இருந்த நாற்காலியில் யாராவது வந்து உட்காரும்போது மனசு நிறைகிறவர்கள்தான் தங்குகிறார்கள்.

எந்தக் கதவைத் தட்டலாம்

மலேசியாவில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். சின்ன சந்தைதான். ஆனால் அந்தச் சந்தைக்கென்றே தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, படம், கச்சேரி எல்லாம் இருக்கின்றன. வேலையும் அதற்கேற்றபடி பல இடங்களில் கிடக்கிறது.

1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆஸ்ட்ரோ புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. வானவில், விண்மீன் அலைவரிசைகளும் ராகா வானொலியும் அங்கேதான். அங்காசாபுரியில் ஆர்.டி.எம்., அதன் மின்னல் எஃப்.எம். இப்படிப்பட்ட இடங்களில் நிகழ்ச்சி விளம்பரம், ஸ்பான்சர் கவனிப்பு, சமூக ஊடகம் என்று வேலை தனித்தனியாகப் பிரிந்திருக்கும். சம்பளம் ஒழுங்காக வரும், சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகக் காப்புறுதி எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் கையில் ஒரு துண்டு வேலை மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது படம். விநியோக நிறுவனங்கள் இந்தியப் படங்களை வாங்கி ஜி.எஸ்.சி., டி.ஜி.வி., எல்.எஃப்.எஸ். போன்ற திரையரங்குகளில் வெளியிடுகின்றன. உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் தனிக் கதை. உள்ளூர்ப் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் திரையிடச் சொல்லும் 'வாஜிப் தாயாங்' திட்டம் இருக்கிறது. அதனால் திரை கிடைத்துவிடலாம். முதல் வார இறுதியில் ஆள் வராவிட்டால் காட்சி நேரம் காலை 11 மணிக்கும் நள்ளிரவுக்கும் தள்ளப்பட்டுவிடும். அந்த முதல் நான்கு நாளுக்காக மூன்று மாதம் உழைப்பதுதான் இங்கே நம் வேலை.

பிறகு கச்சேரி ப்ரொமோட்டர்கள், அதாவது கச்சேரியை ஏற்பாடு செய்து நடத்துகிறவர்கள். ஐந்தாறு பேர் உட்காரும் சின்ன அலுவலகம்தான் பெரும்பாலும். அப்புறம் விளம்பர ஏஜென்சிகள். தீபாவளி நெருங்கினால் வங்கி, தொலைபேசி நிறுவனம், நகைக்கடை எல்லாரும் அவர்களிடம்தான் ஓடுவார்கள். கடைசியாகக் கலைஞர்களே. 2000-களின் நடுவில் யோகி பி-யும் நட்சத்ராவும் நம்மூர்த் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார்கள். இன்றைக்குப் பாடகர் ஒருவர் தன் அறையில் பாட்டை முடித்து யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஏற்றிவிடுகிறார். அதை யாரிடம், எப்போது, எப்படிச் சேர்ப்பது என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்காமல்தான் பலர் தவிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் சின்ன ப்ரொமோட்டரிடம் போங்கள். காலையில் பத்திரிகைச் செய்தி எழுதுவீர்கள், மத்தியானம் அச்சகத்தில் நிற்பீர்கள், சாயங்காலம் டிக்கெட் கணக்குப் பார்ப்பீர்கள், நிகழ்ச்சி அன்று வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்புவீர்கள். முழு வேலையும் ஒரே வருடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பெரிய நிறுவனத்துக்குப் போனால், உங்களுக்குக் கொடுக்கும் துண்டு வேலை எந்த இடத்தில் பொருந்துகிறது என்று புரியும்.

படிப்பும் மொழியும்

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மக்கள் தொடர்பு, விளம்பரம், ஊடகம் எதைப் படித்திருந்தாலும் சரி. கணக்கியல் படித்துவிட்டு வந்து இந்தத் துறையில் நன்றாக இருப்பவர்களும் உண்டு. மெட்டா, கூகள் இரண்டும் விளம்பரம் செய்வதை இணையத்தில் இலவசமாகவே கற்றுத் தருகின்றன. ஒரு மாதம் சாயங்காலங்களை ஒதுக்கி முடித்துவிடுங்கள். காசு கட்டி வாங்கும் சான்றிதழ்களுக்கு அவசரப்பட வேண்டாம்.

மொழிதான் முக்கியம். மூன்று மொழியும் வேண்டும். உரிமம், அனுமதி, அரசாங்கக் கடிதம் எல்லாம் மலாயில். ஸ்பான்சரிடம் கொடுக்கும் திட்ட அறிக்கை ஆங்கிலத்தில். டிக்கெட் வாங்குகிற குடும்பத்திடம் தமிழில். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு அதன் பிறகு தமிழை எழுதாமலே விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். திரும்ப எழுதிப் பழகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் கலைப் பக்கத்தை எடுத்து, அதிலிருக்கும் ஒரு செய்தியை உங்கள் சொல்லில் ஐந்து வரியாக எழுதுங்கள். மூன்று மாதத்தில் கை ஓடத் தொடங்கிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதி அதை அப்படியே தமிழாக்குவது வேண்டவே வேண்டாம். 'மறக்க முடியாத இரவுக்குத் தயாராகுங்கள்' என்று போட்டால் யார் வருவார்கள்? "உங்க அம்மா சமையலறையில் முணுமுணுக்கிற பாட்டெல்லாம் ஒரே மேடையில், பதினாறு வாத்தியக்காரர்களோடு" என்று போட்டுப் பாருங்கள். மகள் அதை அம்மாவுக்கு அனுப்புவாள். அம்மா தன் தங்கச்சிக்கு அனுப்புவார்.

பழகும் களம்: ஒரு தமிழ்ப்பள்ளி நிதி நிகழ்ச்சி

வேலைக்கு விண்ணப்பம் போடும் முன்பே கையில் அனுபவம் வரவேண்டும். அதற்கு நம்மிடம் அருமையான களம் இருக்கிறது. நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். கட்டட நிதிக்கோ கணினி அறைக்கோ கலை நிகழ்ச்சி நடத்தும் பள்ளி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோயில் திருவிழாக் கலை இரவு, பல்கலைக்கழக இந்தியர் சங்கத்தின் மேடை நிகழ்ச்சி, இவையும் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரைப் பார்த்து, "அண்ணே, உங்க நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கிற வேலையை நான் பார்க்கிறேன், சம்பளம் வேண்டாம், கணக்கு மட்டும் என்கிட்ட காட்டணும்" என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அங்கே செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், சாதாரண 80 பக்க நோட்டுப் போதும். டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: "எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" பதிலை அப்படியே எழுதுங்கள். 'பள்ளி வாட்சாப் குழு', 'கோயில்ல ஒட்டியிருந்த போஸ்டர்', 'என் அண்ணி சொன்னா', 'ராகாவில் கேட்டேன்'. ஐம்பது பேரிடம் கேட்டு முடித்ததும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் மூன்று நாள் மெனக்கெட்டுச் செய்த வீடியோவைப் பார்த்து வந்தவர்கள் நான்கு பேர் என்றும், அண்ணி சொல்லி வந்தவர்கள் பதினெட்டுப் பேர் என்றும் இருக்கும். அப்போது, அடுத்த வாரம் உங்கள் நேரம் எங்கே போகவேண்டும் என்று நோட்டே காட்டும்.

நான் இப்போதும் இதைச் செய்கிறேன், பெரிய கச்சேரியாக இருந்தாலும். வானொலிக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு, பத்திரிகைக்கு ஒன்று, வாட்சாப் குழுக்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டால், எந்த வழியில் எத்தனை டிக்கெட் போனது என்று தெரிந்துவிடும். முகநூல் விளம்பரத்துக்கு 3,000 வெள்ளி செலவழித்து 60 டிக்கெட் விற்றால், ஒரு டிக்கெட்டை விற்க 50 வெள்ளி செலவாகியிருக்கிறது. டிக்கெட் விலை 80 வெள்ளி. அரங்க வாடகை, கலைஞர் சம்பளம், ஒலி ஒளி எல்லாவற்றையும் மீதி 30 வெள்ளியில் பார்க்க முடியுமா? இந்தக் கணக்கை முதலாளி கேட்பதற்கு முன் நீங்களே போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால், அலுவலகத்தில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

கிள்ளான் அம்மாவின் நான்கு கேள்விகள்

ஒருமுறை பழைய பாடல் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். ஏழு டிக்கெட் வேண்டும் என்றார். ஆனால் முதலில் நான்கு கேள்வி. "வண்டி எங்கே போடுறது? எங்க மாமியாருக்கு முட்டி வலி, படி ஏறணுமா? எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைக்கு மறுநாள் ஸ்கூல். உள்ளே சாப்பிட ஏதும் கிடைக்குமா?" எங்கள் போஸ்டரில் பாடகர்கள் படம் பெரிதாக இருந்தது. இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை.

அன்றிரவே நான்கு பதிலையும் ஒரு பக்கத்தில் எழுதி, வாகன நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கி வரை நடந்து ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போட்டோம். பாடகர் பேசிய வீடியோவைவிட அதுதான் அதிகம் பகிரப்பட்டது. குடும்பமாக வருகிற நிகழ்ச்சியில் டிக்கெட்டை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் வீட்டில் நடுவயதுப் பெண் ஒருவர். ஏழு பேரை ஏற்றி இறக்கி, சாப்பிட வைத்து, திரும்பக் கூட்டிப்போகும் பொறுப்பு அவருடையது. அவர் மனதில் உள்ள சந்தேகம் தீர்ந்தால் ஏழு டிக்கெட் போகும்.

அதனால் எந்த நிகழ்ச்சியானாலும் முதல் நாளே அரங்கத்துக்கு நேரில் போங்கள். புக்கிட் ஜாலிலில் தேசிய அரங்கம் ஏறக்குறைய 87,000 பேர் உட்காரும் இடம்; பக்கத்தில், ஆக்ஸியாட்டா அரினா என்று பலரும் அறிந்த உள்ளரங்கம் ஏறக்குறைய 16,000 பேருக்கு. இரண்டுக்கும் எல்.ஆர்.டி. பக்கம், ஆனால் நிகழ்ச்சி முடிந்து கூட்டம் மொத்தமாக நிலையத்துக்குப் போகும்போது எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மக்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புக்கிட் பிந்தாங்கில் உள்ள ஸெப் அரங்கில் கூட்டம் நின்றுகொண்டு பார்க்கும் நிகழ்ச்சிகள் நடக்கும். பாட்டியைக் கூட்டிவரும் குடும்பத்திடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்குக்கு வருகிற ரசிகர் வேறு மாதிரி. நடனமும் கர்நாடக இசையும் தெரிந்தவர்கள், கலைஞரின் குரு யார் என்று கேட்பார்கள். ஒரே விளம்பர வாசகம் மூன்று இடத்துக்கும் ஒத்துவராது.

நாள் பார்ப்பது

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிட இதில் கவனம் வேண்டும். மாதம் 25-ஆம் தேதிக்கு மேல்தான் பலருக்குச் சம்பளம் ஏறும். டிக்கெட் விற்பனையை 15-ஆம் தேதி திறந்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் விரதம் இருப்பவர்கள் நிறைய. பத்துமலைக்குப் போகிற குடும்பங்கள் கச்சேரியைப் பற்றி யோசிக்கவே யோசிக்காது. புரட்டாசி சனிக்கிழமை, ரமலான் மாதம், பள்ளித் தேர்வு, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் நாட்காட்டியில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதே வாரம் தமிழ்நாட்டிலிருந்து பெரிய நடிகரின் படம் வருகிறதா என்றும் பாருங்கள்.

விற்பனை எப்போதும் ஒரே வேகத்தில் போகாது. திறந்த முதல் மூன்று நாள் ரசிகர்கள் வாங்குவார்கள். அப்புறம் பல வாரம் அமைதி. கடைசிப் பத்து நாளில் மீண்டும் ஏறும். நடுவில் வரும் அந்த அமைதியில் புதியவர்கள் பயந்துபோய் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு அது அநியாயம், அடுத்த முறை அவர்கள் கடைசி வரை காத்திருப்பார்கள். விலையில் கை வைக்காமல் புதிதாக ஏதாவது சொல்லுங்கள்: ஒத்திகை வீடியோ, பாடல் பட்டியலில் இரண்டு பாட்டு, உள்ளூர்க் கலைஞர் ஒருவர் மேடையேறும் அறிவிப்பு.

ஸ்பான்சர் பிடிப்பது

பல நிகழ்ச்சிகள் டிக்கெட் காசில் மட்டும் நிற்காது. ஸ்பான்சர் வேண்டும். இதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

புதியவர்கள் செய்கிற தவறு, நாற்பது பக்கத்தில் அழகான அறிக்கை தயாரித்து ஐம்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது. பதில் வராது. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு புடவைக் கடை முதலாளியிடம் நேரில் போய் உட்காருங்கள். அவருக்கு எந்த மாதம் வியாபாரம் மந்தம், எந்த வயதுக்காரர்கள் கடைக்கு வருவதில்லை என்று கேளுங்கள். அவர் பேசுவார். உங்கள் கச்சேரிக்கு வருகிற ஆயிரத்து இருநூறு பேரில் எண்ணூறு பேர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என்று போன நிகழ்ச்சியின் கணக்கை நீங்கள் வைத்திருந்தால், அவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. நுழைவுச்சீட்டைக் காட்டினால் கடையில் தள்ளுபடி, டிக்கெட்டே அவர் கடையில் விற்பனை, மேடையில் பாடகிகள் அவர் கடைப் புடவையில். இப்படி மூன்று விஷயம் போதும்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் நிகழ்ச்சி, நாள், இடம், யார் வருவார்கள். இரண்டாவது பக்கத்தில் அவர் கொடுப்பது எவ்வளவு, அவருக்குக் கிடைப்பது என்னென்ன, எத்தனை. 'சமூக ஊடகத்தில் விளம்பரம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'ஆறு பதிவுகள், இந்தத் தேதிகளில்' என்று எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளுக்குள் ஓர் அறிக்கை கொண்டுபோய்க் கொடுங்கள்: அவர் பெயர்ப்பலகை தெரிகிற படங்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தள்ளுபடியைப் பயன்படுத்தினார்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. எனக்குப் பத்து வருடமாகத் தொடர்ந்து ஆதரவு கொடுக்கும் ஒரு கடைக்காரர், "காசு வாங்கினதுக்கு அப்புறம் திரும்பி வந்த முதல் ஆள் நீதாம்மா" என்றார்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது

வெளிநாட்டுக் கலைஞர் மேடையேற வேண்டுமானால், அதற்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசாங்கக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுப் பாடகரும் வெளிநாட்டுக் கலைஞர்தான். விண்ணப்பத்தை இங்கே பதிவு பெற்ற நிறுவனம்தான் போட வேண்டும். அனுமதி கைக்கு வருவதற்கு முன் பெயரை அறிவித்து டிக்கெட் விற்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிகழ்ச்சி ரத்தானால் மக்கள் திட்டுவது விளம்பரத்தில் வந்த உங்கள் தொலைபேசி எண்ணைத்தான்.

கோலாலம்பூரில் கேளிக்கை உரிமமும், பேனர், பன்டிங் கட்டுவதற்கு உரிமமும் மாநகர் மன்றத்திடம் வாங்க வேண்டும். வெளியே வைக்கும் விளம்பரத்தில் மலாய் மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும். வாசகத்தை மலாய் மொழிக்கான அரசாங்க அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் சரிபார்த்து வாங்குவது வழக்கம். உரிமம் இல்லாமல் விளக்குக் கம்பத்தில் கட்டினால் இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள், அபராதமும் வரும். கிள்ளான், பெட்டாலிங் ஜெயா போனால் அங்கே வேறு மன்றம், வேறு விதி. டிக்கெட் விலையை முடிவு செய்யும் முன் கேளிக்கை வரி எவ்வளவு என்று கேட்டு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படமாக இருந்தால் தணிக்கை வாரியம். படத்துக்கு மட்டுமல்ல, போஸ்டர், முன்னோட்டம் போன்ற விளம்பரப் பொருளுக்கும் ஒப்புதல் வேண்டும். 2016-இல் 'கபாலி' வந்தபோது ஏர் ஏசியா ஒரு விமானத்திலேயே ரஜினி படத்தை வரைந்து பறக்கவிட்டது, எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். நான் புதியவர்களிடம் பேசுவது அதே படத்தின் வேறு இரண்டு விஷயத்தை. ஒன்று, இங்கே அது மலாய் மொழியிலும் குரல் மாற்றி வெளியானது. தமிழ் தெரியாத ரசிகரிடமும் தமிழ்ப் படத்தை விற்கலாம் என்று காட்டியது. இரண்டு, இங்கே ஓடிய பிரதியின் முடிவில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் வருகிற படமும் இங்கே வருகிற படமும் கடைசி நிமிடம் வரை ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி விளம்பரம் தயாரிக்க முடியாது.

இன்னும் இரண்டு. விளம்பர வீடியோவில் பிடித்த சினிமாப் பாட்டைத் தூக்கிப் போடாதீர்கள், 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமையாளரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் உள்ளூர் இசையமைப்பாளரிடம் முப்பது விநாடி இசை வாங்குங்கள், அவருக்கும் ஒரு வேலை. டிக்கெட் வாங்கியவர்களின் தொலைபேசி எண்ணை வேறு கடைக்குக் கொடுக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லிருந்தே இருக்கிறது. அதைவிட, அந்தக் கிள்ளான் அம்மா உங்களை நம்பித்தான் எண்ணைக் கொடுத்தார்.

பத்திரிகையும் வானொலியும்

மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்ற நாளிதழ்களும் வணக்கம் மலேசியா போன்ற இணைய ஊடகங்களும் நம் செய்தியைப் போடத் தயாராகத்தான் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் குறைவு, வேலை அதிகம். ஆசிரியர் திருத்தாமல் அப்படியே போடக்கூடிய செய்தியைக் கொடுத்தால் போட்டுவிடுவார்கள். முந்நூறு சொல், முதல் பத்தியிலேயே யார், எங்கே, எப்போது, டிக்கெட் எங்கே. இரண்டு நல்ல படம், படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக. கலைஞர் தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒரு மூத்த பாடகியின் பெயரில் ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனதற்கு அவர் முகம் வாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகும் எதையும் இரண்டாவது ஆள் படிக்க வேண்டும். என் மூன்றாவது வருடத்தில் மூவாயிரம் துண்டறிக்கை அடித்தோம். தேதி சரி, கிழமை தவறு. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்குச் சனிக்கிழமை என்று போட்டுவிட்டேன். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், பூச்சோங் எல்லாக் கடைகளுக்கும் போய் எடுத்துவந்தோம். அப்படியும் சனிக்கிழமை சாயங்காலம் பதினொரு பேர் பூட்டிய அரங்கத்தின் முன் வந்து நின்றார்கள், ஒருவர் சிரம்பானிலிருந்து வந்திருந்தார். அன்றிலிருந்து என் மேசையில் ஒரு பழக்கம்: ஒருவர் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைச் சொல்வார், இன்னொருவர் அறிக்கையைப் பார்த்துக் கிழமையைச் சொல்வார். சத்தமாக. அதன் பிறகுதான் அச்சகத்துக்குப் போகும்.

காசு விஷயம்

முழுநேர வேலை என்றால் 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 'கற்றுக்கொள்கிறாய் அல்லவா' என்று சொல்லி அதற்குக் கீழே பேசுகிற இடத்துக்குப் போகாதீர்கள். டோல், பெட்ரோல், வாகன நிறுத்தக் கட்டணம் யார் தருவது, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மாற்று விடுப்பு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். கச்சேரி முடிந்து இரவு ஒரு மணிக்குப் பெண் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவது என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் முதலாளியிடம் வேலை வேண்டாம்.

தனியாகச் செய்கிறீர்கள் என்றால் வணிகப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60. சொக்சோவில் தனித்தொழில் செய்கிறவர்களுக்கான திட்டத்திலும் சேருங்கள். மேடைக்கு அடியில் கேபிள் தடுக்கி விழுந்து கை முறிந்த ஒரு தம்பிக்கு அது இல்லாததால் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். வணிக வருமானத்துக்கு வருமான வரிப் படிவம் 'பி', சட்டப்படி அதைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 30.

வேலையை ஒத்துக்கொள்ளும்போது ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது. பாதித் தொகை முன்பணம். நான் தனியாக வந்த முதல் வருடம், தெரிந்தவர்தானே என்று வாய்ப் பேச்சில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தேன். அரங்கம் நிரம்பியது. 4,200 வெள்ளி இன்றுவரை வரவில்லை. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

விண்ணப்பம் போடும்போது

இரண்டு மூன்று சின்ன நிகழ்ச்சி முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன நிகழ்ச்சி, போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள், இந்த வருடம் எத்தனை, நீங்கள் என்ன செய்தீர்கள், எது பலிக்கவில்லை. பலிக்காததையும் எழுதுங்கள். அந்த எண்பது பக்க நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்துவிடுங்கள். நேர்காணலுக்கு வருகிறவர்களில் தங்களுக்கு எத்தனை பேர் பின்தொடர்பவர்கள் என்று சொல்கிறவர்கள் நிறைய. 'எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க' என்று ஐம்பது பேரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கும் பிள்ளையை நான் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி சுங்கை பட்டாணியிலிருந்து வந்தவள், இன்னொருவன் செந்தூல் பையன். இரண்டு பேரையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

இந்த வாரம் எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பள்ளி நடக்கும் ஒரு நாளில், உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் வாசலுக்குப் போங்கள். பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம் பார்த்து, சங்கத் தலைவர் யார் என்று காவலாளி அண்ணனிடம் கேளுங்கள், சொல்வார்.